பன்னிரண்டு பாட்டிலும் ஒரு வாளித் தண்ணீரும்

1. முற்றத்தில் நின்றவை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பிற்பகல் மூன்று மணி. ஹோட்டல் சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் பன்னிரண்டு பாட்டில்கள் வரிசையாக நின்றன. கழுவித் துடைத்து, தோளில் மூன்று விரல் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. கழுத்தில் இருந்த ஈயத்தாள் மூடிகளைப் புளி போட்டு விளக்கியிருந்ததால் அவை வெயிலில் மின்னின. பக்கத்தில் ஒரு வாளி. வாளித் தண்ணீரில் பன்னிரண்டு லேபிள்கள் மிதந்துகொண்டிருந்தன.

என் உதவியாள் ஒச்சப்பண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எப்படி தாயி? கல்யாணப் பொண்ணுக கணக்கா இருக்கா, இல்லையா?"

பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டில்களில் இருந்தது பிரான்ஸ் நாட்டின் போர்தோ பக்கத்துச் சிவப்பு வைன். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காத வைன். எங்கள் மேனேஜர் அதை வாங்கப் பல மாதம் கடிதம் எழுதியிருந்தார். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. மூன்று நாள் கழித்து எக்சைஸ் இன்ஸ்பெக்டர் சரக்குச் சரிபார்க்க வரப்போகிறார். அதற்கு மறுவாரம், இந்த வைனுக்காகவே ஒரு விருந்தாளி வரப்போகிறார். பாட்டில்கள் இருந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது.

கழுவச் சொன்னதும் நான்தான்.

நான் படித்த பள்ளியின் விடுதிப் பிள்ளைகள், "வேலைக்குப் போறவங்களுக்கு உதவுற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா" என்று கேட்டார்கள். எழுத நல்ல கதைகளும் என்னிடம் உண்டு. ஆனால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது இந்தக் கதைதான்.

2. சாவி எப்படி வந்தது

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே, வானம் பார்த்த பூமி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை, எல்லாம் கைநாட்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி. முடித்து, டைப்பும் பாஸ் செய்தேன். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மதுரையில் வைகைக்கு வடக்கே, கோரிப்பாளையம் தாண்டி, பழைய வெள்ளைக்காரர் பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடம். அங்கே எனக்கு ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை கிடைத்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, விரிப்புத் துணி எல்லாம் என் பொறுப்பு.

மேனேஜர் பெயர் தேவசகாயம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் என்னை "மிஸ் பேச்சியம்மாள்" என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற நேரங்களில் பேச்சிதான்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு இன்னொரு சாவியை மேஜைமேல் வைத்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் பெர்மிட் பார்த்துக் கொடுக்கும் மதுவகைகள் இருந்த அறையின் சாவி.

"இதுக்கு முன்னாடி மூணு பேர் வச்சிருந்தாங்க. மூணு பேரும் குடிச்சிட்டாங்க. நீ குடிக்க மாட்ட. வச்சுக்க" என்றார்.

எங்கள் ஊரில் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் ஓடை பக்கம் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் சித்தப்பாவைச் சாராயக் கேஸில் பிடித்துக்கொண்டு போனபோது, அடுப்பில் இருந்த சோற்றுப் பானையையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து காக்கிச் சட்டையைப் பார்த்தாலே நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. என் சம்பளத்தில்தான் தங்கை ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். என் பெயரில் ஒரு கேஸ் வந்தால் என் வேலை போகும். "பொட்டப்பிள்ளைய படிக்க வச்ச லட்சணத்தப் பாத்தியா" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சிலேயே அவள் படிப்பும் நின்றுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாவியை எடுத்துக்கொண்டேன். வீட்டில் அரிசி பருப்பு ஸ்டோர் என்று மட்டும் சொன்னேன்.

3. பார்சல் ஆபீஸ்

ரெனே என்ற பிரெஞ்சுக்காரர் வருஷம் தவறாமல் சுற்றுலாக் கூட்டங்களை அழைத்து வருவார். ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் அவர் மேனேஜரிடம் பாதி விளையாட்டாகச் சொன்னாராம்: "இந்த வைனை, எழுபதாம் வருஷத்துத் திராட்சைச் சரக்கை, மதுரையில் என் மேஜையில் வைத்துவிடுங்கள். இனி என் கூட்டம் வேறு ஹோட்டலுக்குப் போகாது." பிறகு ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். வாங்கியதும் ஊற்றக் கூடாது. ஆறு மாதமாவது இருட்டில், குளிர்ச்சியில், அசையாமல் படுக்க வைத்திருக்க வேண்டும்.

மேனேஜர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹோட்டலின் இம்போர்ட் லைசென்ஸை வைத்து, மெட்ராஸ் துறைமுகத்து ஏஜென்ட் மூலமாக ஆர்டர் போட்டார். கேட்டது பன்னிரண்டு பாட்டில். ஆனால் அங்கே விற்றவரிடம் எழுபதாம் வருஷத்தது ஆறுதான் இருந்தது. மீதி ஆறு எழுபத்திரண்டு. இரண்டையும் ஒரே சாதாரணப் பலகைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்.

பெட்டி ரயிலில் வந்தது. எடுத்து வர நானும் ஸ்டோர்ஸ் உதவியாள் ஒச்சப்பண்ணனும் போனோம். அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும், செக்கானூரணிக்காரர். பெட்டியைத் தலையில் ஏற்றியதும் உள்ளே பாட்டில் கிணுகிணுவென்றது. பார்சல் ஆபீஸ் வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பினார்.

"ஏம்மா, பொட்டில என்ன?"

"வைன் சார்."

"என்னது?"

"ஒயினு. சாராயத்துக்குப் பெரியப்பன் மகன்" என்றார் அண்ணன், தலையில் பெட்டியோடு.

எனக்கு உயிரே போய்விட்டது. பெர்மிட் காகிதத்தை நீட்டினேன். கை ஆடிய ஆட்டத்தில் அவரால் படிக்க முடியவில்லை. "அசைக்காம காட்டும்மா" என்றார். இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போதும் ஆடியது. கடைசியில் அவரே வாங்கி, முத்திரையைப் பார்த்து, என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச பிள்ளையா இருக்க. இந்த வேலைக்கா வந்த?"

ரிக்ஷாவில் ஏறிய பிறகு அண்ணனைத் திட்டினேன். அவர் அமைதியாக, "உண்மையத்தானே தாயி சொன்னேன்" என்றார்.

4. தொட்டிக்குள்

பெட்டி வந்தது சித்திரை வெயில் தொடங்கும் நேரம். மதுரையில் பூமிக்குக் கீழே அறை வைத்த கட்டடங்கள் குறைவு. எங்கள் பங்களாவில் மட்டும் பின்பக்கம் ஒரு பழைய மழைநீர்த் தொட்டி இருந்தது. பத்துப் படி கீழே இறங்க வேண்டும். கனமான சுண்ணாம்புச் சுவர். தண்ணீர் தேக்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதைச் சுத்தம் செய்து, கதவு போட்டு, ஏற்கெனவே மது அறையாக ஆக்கியிருந்தார்கள்.

இந்த வைனுக்காகத் தரையில் முழங்கால் உயரத்துக்கு ஆற்று மணல் போட்டோம். பாட்டில்களை அதில் பாதி புதைந்த மாதிரி படுக்க வைத்தோம். நின்றால் தக்கை காய்ந்து சுருங்கி, காற்றுப் புகுந்து, வைன் கெட்டுப்போகும். படுத்திருந்தால் தக்கை நனைந்தே இருக்கும்.

"குடிச்சவன் படுத்துத்தான் பாத்திருக்கேன். சரக்கே படுக்குறத இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஒச்சப்பண்ணன்.

வலப்பக்கம் எழுபது, இடப்பக்கம் எழுபத்திரண்டு. சுற்றிலும் கோணிச்சாக்கு கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். சுவரில் ஒரு தெர்மாமீட்டர். தினமும் இருமுறை படி இறங்கி நான் அதைப் பார்த்து எழுதினேன். மே மாதத்தில் மேலே தார்ச் சாலை உருகியபோதும் உள்ளே இருபத்தேழைத் தாண்டவில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஜூலையில் எக்சைஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். வெற்றிலை போடும் பெரிய உடம்புக்காரர். ஒவ்வொரு பாட்டிலாக லேபிளைப் பார்த்து, பெயரும் வருஷமும் ரிஜிஸ்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அன்று ஒரு ஜின் பாட்டிலில் லேபிள் கிழிந்து பெயர் இல்லாமல் இருந்தது. அதை என் கையாலேயே எடுத்து வரச் சொல்லி, முற்றத்துச் சாக்கடையில் ஊற்ற வைத்தார்.

"பேரில்லாத பாட்டில் எனக்குக் கள்ளச் சரக்குதான்மா. அது எந்த மகாராசா வீட்டுலருந்து வந்திருந்தாலும் சரி. இன்னொரு தடவ பாத்தேன்னா, சாவி யார்கிட்ட இருக்கோ அவங்க பேர்ல கேஸு."

போகும்போது மணலில் கிடந்த பிரெஞ்சுப் பாட்டில்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்ன இது, பூஞ்சக்காளான் புடிச்சுக் கெடக்கு? பொம்பள வச்சிருக்கிற அறையா இது?"

5. என் புத்தி

அந்த ஒரு பேச்சு என்னைத் தைத்துவிட்டது.

பாட்டில்களில் உண்மையாகவே பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரச்சாக்கின் குளிர்ச்சி அப்படி. லேபிளில் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தில் மணல், மேலே தூசி. மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "அதைத் தொடாதே. தூசி இருந்தா இருக்கட்டும்." ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். படித்த பிள்ளைகளுக்கு வரும் நோய் இது, எனக்கும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு ஸ்டோரில் உள்ள தராசு, படி, மரக்கால், எண்ணெய் டின் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். இன்ஸ்பெக்டர் அடுத்த முறை வரும்போது மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்து, "அந்தப் பன்னெண்டையும் மேல கொண்டாந்து நல்லாக் கழுவிருங்கண்ணே" என்றேன்.

அண்ணன் ஒருமுறை கேட்டார். "மேனேஜர் ஐயா தொடக்கூடாதுன்னாரே?"

"நான் சொல்றேன், கழுவுங்க."

ஆறு மாத ஈரத்தில் ஊறியிருந்த லேபிள்கள், தேங்காய் நார் பட்டதும் தோல் மாதிரி கழன்றிருக்கின்றன. அழுக்குக் காகிதம் என்று நினைத்து அவற்றை வாளியில் போட்டிருக்கிறார். பாட்டில்களைக் கூடையில் மொத்தமாக மேலே கொண்டு வந்திருக்கிறார். வலப்பக்கத்தது எது, இடப்பக்கத்தது எது என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டும் ஒரே பச்சை, ஒரே வடிவம், ஒரே மூடி.

6. மைதாப் பசை

மேனேஜர் பூஜை விடுமுறைக்கு டி. கல்லுப்பட்டியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். அது நல்லதா கெட்டதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நிலைமையைச் சொன்னதும் ஒச்சப்பண்ணனின் முகம் செத்துப்போனது. "நான் கழுவுனேன்னு சொல்லிரு தாயி. நீ சொல்லாமக் கழுவுனேன்னு சொல்லு. எனக்கென்ன, வேல போனா ரெண்டு ஆடு வாங்கி மேய்ச்சிக்கிருவேன். நீ படிச்ச பிள்ள" என்றார்.

வேண்டாம் என்று நான் உடனே சொல்லவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

லேபிள்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து எடுத்து, துணியில் ஒற்றி, காயப்போட்டேன். சமையல்கட்டில் மைதாப் பசை காய்ச்சினேன். பாட்டில்களில் இருந்த சந்தனத்தைத் துடைத்து, தொட்டிக்குள் உட்கார்ந்து ஒட்டினேன். ஆறு எழுபது, ஆறு எழுபத்திரண்டு. எந்த லேபிள் எந்தப் பாட்டிலுக்கு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கைக்கு வந்தபடி ஒட்டினேன்.

ஒரு பாட்டிலில் மட்டும் புளி போட்டுத் தேய்த்த வேகத்தில் ஈயத்தாளின் அடிவிளிம்பு கிழிந்திருந்தது. அந்த இடத்தில் கண்ணாடிக்கு உள்ளே, தக்கையின்மேல் எறும்பு மாதிரி ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. பூச்சியோ என்று பயந்து, விளிம்பை நகத்தால் அமுக்கி மூடிவிட்டேன்.

எல்லாவற்றையும் மணலில் படுக்க வைத்தேன். குடிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது, இரண்டும் சிவப்பு வைன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7. சந்தன வாசம்

விஜயதசமி முடிந்த மறுநாள் ஜீப் வந்தது. சத்தம் கேட்டதும் என் கால் தானாகப் பின்கட்டு வழியைப் பார்த்தது. ஓடினால் எங்கே ஓடுவது? ஓடை இங்கே இல்லை.

இன்ஸ்பெக்டர் படி இறங்கினார். நான் அரிக்கேன் விளக்கோடு பின்னால். மணலில் குனிந்து முதல் பாட்டிலைத் தூக்கினார். நிறுத்தினார். மோந்து பார்த்தார்.

"என்னம்மா, கோயில் கருவறை மாதிரி சந்தன வாசம்?"

"ஆயுத பூஜை சார்."

"சாராயத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் சார்."

அவர் கட்டைவிரல் லேபிளின்மேல் இருந்தது. பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. விரலை அழுத்தி நகர்த்தினால் லேபிளும் கூடவே வந்திருக்கும். அவர் விரலை எடுத்தார். அடுத்த பாட்டில். அதற்கடுத்தது. பன்னிரண்டையும் எண்ணி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.

"இப்பத்தான் அறை அறையா இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன். தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷம் வரவில்லை. முதலில் ஒரு தப்பு மட்டும் இருந்தது. இப்போது அதற்கு அரசாங்கக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க, தெர்மாமீட்டர் பார்க்கப் போகும்போதெல்லாம் லேபிள்கள் ஓரம் தூக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

8. ஐந்தாவது படி

ரெனே காலையில் வந்து இறங்கினார். மதியச் சாப்பாட்டுக்கு வைன். பதினொன்றரை மணிக்கு மேனேஜர் தொட்டிக்கு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"ரெண்டு எழுபது எடு பேச்சி. எழுபத்திரண்டு மாறி வந்திரக் கூடாது. அது மழை வருஷமாம், தண்ணி மாதிரி இருக்குமாம். வாயில வச்சதும் சொல்லிருவேன்னு அவரே சொல்லியிருக்கார். நான் ஏமாத்தினேன்னு நினைச்சிருவார்."

வாயில் வைத்ததும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

எழுபது என்று ஒட்டிய ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் படியேறினார். ஐந்தாவது படியில் மேலே இருந்து வெளிச்சம் விழும். அங்கே நின்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது? லேபிள் கோணலா இருக்கு. ஓரம் தூக்கியிருக்கு."

நகத்தால் அந்த ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை யாராவது கழட்டி ஒட்டினாங்களா? ஒச்சப்பனா?"

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அண்ணனே ஒத்துக்கொண்ட விஷயம். மேலே முற்றத்தில் அவர் இருமும் சத்தம் கேட்டது. எங்கள் சித்தப்பாவைப் பிடித்துப் போனபோது, காய்ச்சியவன் வேறு ஆள், அவர் பானை தூக்கினவர்தான். அது எனக்கு அந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

"நான்தான் சார். கழுவச் சொன்னதும் நான். ஒட்டினதும் நான். எது எழுபது, எது எழுபத்திரண்டுன்னு எனக்குத் தெரியாது."

அவர் படியிலேயே உட்கார்ந்தார். புதுச் சட்டை சுவரில் உரசிச் சுண்ணாம்பு ஒட்டியது.

"மிஸ் பேச்சியம்மாள்" என்றார். பிறகு, "எல்லாத்தையும் உடைச்சா பாக்க முடியும்? ஒண்ணரை மணி நேரத்துல அவர் மேஜைக்கு வந்திருவார். நான் என்னத்தச் சொல்லுவேன் அவர்கிட்ட?" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அந்த எறும்பு ஞாபகம் வந்தது.

மூடி கிழிந்த பாட்டிலைத் தேடி எடுத்தேன். மேனேஜரின் டார்ச் லைட்டை வாங்கி, கழுத்துக்குப் பின்னால் வைத்து அடித்தேன். கிழிசலுக்குள் தக்கையின் பக்கவாட்டில் எழுத்து தெரிந்தது. பூச்சி இல்லை. சூடு போட்டு அச்சு வைத்தது. பாதி எழுத்து ஈயத்தாளுக்குள் மறைந்திருந்தது.

"கத்தி கொடுங்க சார்."

ஈயத்தாளைக் கீழிருந்து நீளவாக்கில் கீறி, மெதுவாக மேலே மடக்கினேன். பச்சைக் கண்ணாடி வழியாக, கொஞ்சம் வளைந்து, நான்கு எண்கள். கடைசி எண் இரண்டு.

மேனேஜர் பக்கத்தில் வந்து குனிந்தார். "அடுத்தது" என்றார்.

நான் கீறினேன், அவர் டார்ச் அடித்தார். கத்தி நழுவினால் கையும் போகும், பாட்டிலும் போகும். என் கை அன்று மட்டும் ஆடவில்லை. பயம் முழுவதையும் ஐந்தாவது படியிலேயே செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது. பன்னிரண்டையும் பார்த்து முடித்தோம். என் லேபிள்களில் சரியாக ஒட்டியிருந்தது நான்கு. தப்பு எட்டு. மேனேஜர் மேலே கொண்டுபோக இருந்த பாட்டில், எழுபத்திரண்டு.

9. மேஜை

திரும்ப ஒட்ட நேரம் இல்லை. லேபிளைப் பார்க்காமல், எழுபதாம் வருஷத் தக்கை உள்ள இரண்டை அவசரமாக எடுத்தோம். இரண்டிலும் லேபிள் எழுபத்திரண்டு என்றது.

"இதை நீயே அவர்கிட்ட சொல்லு" என்றார் மேனேஜர்.

என் இங்கிலீஷ் புத்தகத்து இங்கிலீஷ். அதுவரை வெள்ளைக்காரரிடம் "குட் மார்னிங்" தாண்டிப் பேசியதில்லை. சாப்பாட்டு அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாட்டிலை வைத்துவிட்டு, வாளியிலிருந்து தொடங்கி டார்ச் லைட் வரை சொன்னேன். ஆயுத பூஜைக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று தெரியாமல், "கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ரெனே பாட்டிலின் தோளைத் தடவி விரலை மோந்தார். கீறிய மூடியைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து தன் கத்தியை எடுத்து மூடியை முழுதாக அகற்றி, தக்கையை உருவினார். துடைத்து, வருஷத்தைப் படித்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, வாயில் வைத்து மெல்ல உருட்டினார்.

மேனேஜரின் கை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் வெப்பம் பட்டிருக்கிறது" என்றார் கடைசியில். "ஆனால் எழுபதுதான்." பிறகு என்னிடம் கேட்டார், "மே மாதத்தில் அங்கே என்ன டிகிரி?"

"அதிகபட்சம் இருபத்தேழு."

"தினமும் பார்த்தாயா?"

"தினமும் இரண்டு தடவை."

ஒரு சின்ன நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார். தக்கையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அந்த வருஷம் அவருடைய கூட்டங்களில் பாதி எங்களிடம் வந்தது. பாதி வரவில்லை. காரணம் வைனா, வேறா, தெரியாது.

மேனேஜர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். மது அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். கேஸ் என்று ஒன்று வந்தால் அதில் ஒச்சப்பண்ணன் பெயர் இருக்கக் கூடாது என்று மட்டும் நான் எழுதிக் கேட்டேன். மெமோவில் அவர் பெயர் இல்லை. விஷயம் தெரிந்ததும் அண்ணன், "அப்ப ஆடு வாங்குற யோகம் எனக்கில்ல" என்றார்.

10. ஜீப் மறுபடியும்

பொங்கலுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்தார். மீதிப் பத்துப் பாட்டில்களுக்கும் லேபிள்களைச் சரியாக மாற்றி ஒட்டியிருந்தோம். "கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கீறிய மூடியில் விரலை விட்டார். "இது என்னம்மா? யாரோ நோண்டியிருக்காங்க. கலப்படமா?"

மூன்றாவது தடவையாகச் சொன்னேன். அவரிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர் கையெழுத்தையே வாங்கிய பொய் அது. சொல்லி முடித்ததும் டார்ச் லைட்டை நீட்டினேன். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, பத்துப் பாட்டிலின் கழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன் தெரியுமா? பன்னெண்டையும் சாக்கடையில ஊத்தச் சொல்லி, உம்பேர்ல கேஸும் எழுதியிருப்பேன்."

டார்ச்சை உள்ளங்கையில் தட்டிக்கொண்டார்.

"ஏன்னா அன்னைக்கு உங்கிட்ட வாய் வார்த்தைதான் இருந்திருக்கும். இன்னைக்கு உள்ள இருக்கிறதக் காட்டுற." டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. இனிமே நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சொல்லு. போட்டப்புறம் சொல்லாத."

ரிஜிஸ்டரில் நான்கு வரி எழுதினார். ஜீப் கிளம்பிய சத்தத்தில் முதல் முறையாக என் கால் ஓடப் பார்க்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம், ஸ்டோரில் அரிசி பருப்பு மட்டும் இல்லை என்று சொன்னேன். அவர் நெடுநேரம் மாட்டுக்குக் கூளம் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"நீ குடிக்கிறியா?"

"இல்லப்பா."

"அப்ப சாவிய ஒழுங்கா வச்சுக்க."

சாவி அப்போது என்னிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சித்திரையில்தான் திரும்பி வந்தது. தங்கை அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாத பொருளைக் கழுவாதீர்கள். தெரியாது என்று முதலில் கேளுங்கள். கழுவிவிட்டால், ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால், அதை நம்பி ஒருவர் வாயில் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னபடி வேலை செய்தவரை முன்னால் தள்ளிவிட்டு ஒளியாதீர்கள். பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் போகவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஒச்சப்பண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, தொட்டிக் கதவருகே தயங்கி நின்றார். "இங்க எந்தச் சாமானுக்கு தாயி பொட்டு வைக்க?"

நான் கதவைத் திறக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த டார்ச் லைட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.